முடியாத புகையும் முடியாத திரையும்

நல்லூரின் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சனசமூக நிலையத்தாருக்கும் ஒரு திறந்த மடல்



இம்மடல் இளையோரின் இரண்டு பழக்கங்களைப் பற்றியது. ஒன்று, சட்டமொழியில் இலத்திரனியல் சிகரெட் எனவும் இளையோர் பேச்சில் வேப் எனவும் வழங்கும் கருவியின் பாவனை. மற்றையது, கைத்தொலைபேசித் திரையில் சமூக ஊடகங்களோடு கழியும் நீண்ட நேரம். வீடும் பாடசாலையும் இவற்றைத் தனித்தனிக் குற்றங்களாகவே பெரும்பாலும் நோக்குகின்றன. முதலாவதற்கு ஒழுக்காற்று விசாரணையும் இரண்டாவதற்குத் தொலைபேசியைப் பறித்துவைத்தலும் பரிகாரமாகக் கொள்ளப்படுகின்றன. ஆனால் இவ்விரண்டும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை, ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பவை, பாவிப்பவர் இயல்பாக நிறுத்திக்கொள்ளும் இடம் எதுவும் எஞ்சாதபடி ஆக்கப்பட்டவை என்பதை விளக்குவதும், அதனை உணர்ந்த ஓர் ஊர் தன் பிள்ளைகளுக்காக எதைச் செய்யலாம் என்று வேண்டிக்கொள்வதுமே இம்மடலின் நோக்கமாகும்.

இங்கு அடிக்கடி வரவிருக்கும் இரண்டு சொற்களின் பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வது நன்று. சமூக ஊடக ஈடுபாடு என்பது ஒரு பதிவைப் பார்த்தல், விருப்பக்குறி இடுதல், கருத்தெழுதுதல், நண்பருக்குப் பகிர்தல், தாமே காணொளி எடுத்து வெளியிடுதல் ஆகிய செயல்கள் அனைத்தையும் ஒருங்கே குறிக்கும். ஊடக நிறுவனங்கள் இச்செயல்களை நொடிக் கணக்கில் எண்ணி, அந்த எண்ணிக்கையையே விளம்பரதாரருக்கு விற்கும் சரக்காக மாற்றுகின்றன. சார்புநிலை என்பது வெறும் பழக்கத்தைக் கடந்த ஒரு நிலை. ஒரு பொருளை நிறுத்த விரும்பியும் நிறுத்த இயலாமை, அதே உணர்வைப் பெற அளவை மேலும் மேலும் கூட்டவேண்டியிருத்தல், நிறுத்தியதும் உடலும் மனமும் நிலைகுலைதல், தீங்கு தெரிந்தபின்னும் தொடர்தல் என்னும் அடையாளங்களைக் கொண்டு மருத்துவம் அதனைக் கண்டறிகிறது.

புகையிலை யாழ்ப்பாணத்து நல்லூருக்கும் அதனைச் சூழ்ந்த வலிகாமத்துக்கும் புதிய பொருளன்று. செம்மண் தோட்டங்களில் கிணற்று நீர் இறைத்து வளர்க்கப்பட்ட யாழ்ப்பாணப் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. யாழ்ப்பாணச் சுருட்டு தென்னிலங்கைக் கிராமங்கள்வரை விலைபோனது. பல குடும்பங்களின் கல்வீடும் பிள்ளைகளின் படிப்பும் இப்பயிரிலிருந்து எழுந்தவை என்பதால், புகையிலையின் கதையில் இவ்வூர் மக்களின் உழைப்பும் கலந்தே கிடக்கிறது. அக்காலச் சுருட்டுக் கொட்டில்களில் பலர் அமர்ந்து சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் நாளிதழையும் கதைகளையும் உரத்து வாசிக்கும் வழக்கம் இருந்தது. அந்த வாசிப்புக்கு ஒரு கடைசிப் பக்கம் இருந்தது. சுருட்டும் ஓரளவில் அணைந்தது. குறைச்சுருட்டைக் காதிலோ கூரையின் இறப்பிலோ செருகிவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பிய முதியவரின் நாளில், புகைக்கும் நேரமும் புகையாத நேரமும் வெவ்வேறாகப் பிரிந்து கிடந்தன.

அந்தப் பிரிவுக்கு மனிதரின் மனக்கட்டுப்பாடு மட்டும் காரணமன்று. பொருளின் வேதியியலும் அதற்குத் துணைநின்றது. புகையிலையில் அடிமைத்தனத்தை உண்டாக்கும் நிக்கொட்டின் என்னும் இரசாயனம் சுருட்டுப் புகையில் காரத்தன்மையோடு வருவதால், வாயின் மென்தோல் வழியாகவே உடலுக்குள் சேரும். அப்புகையை நெஞ்சுக்குள் இழுக்க முயல்பவருக்குத் தொண்டை எரிந்து இருமல் எழும். களவாக ஒரு சுருட்டை இழுத்துப் பார்த்த சிறுவனை அந்த இருமலே பெரும்பாலும் திருப்பி அனுப்பியது. சுருட்டு தீங்கற்றது என்பது இதன் பொருளன்று, ஏனெனில் வாய்ப்புற்றுநோய்க்கு அது நன்கறியப்பட்ட காரணம். தொடங்குவதற்குத் தடையும் முடிப்பதற்கு எல்லையும் அப்பொருளுக்குள்ளேயே அமைந்திருந்தன என்பதையே இங்குக் கருதவேண்டும்.

வேப் அந்தத் தடையையும் எல்லையையும் நீக்கிய கருவியாகும். 2003 ஆம் ஆண்டளவில் சீன மருந்தாளர் ஹொன் லிக் உருவாக்கிய வடிவத்திலிருந்து வளர்ந்த இக்கருவியில் ஒரு மின்கலமும், சூடேறும் ஒரு கம்பிச் சுருளும், நீர்மத்தில் தோய்ந்த ஒரு திரியும் இருக்கும். புரோப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், நிக்கொட்டின், சுவையூட்டிகள் ஆகியன கலந்த நீர்மம் சூடேறி நுண்துளிப் படலமாகி நுரையீரலை அடையும். 2015 இல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த ஜூல் என்னும் கருவி, நிக்கொட்டினோடு பென்சோயிக் அமிலத்தைச் சேர்த்து அதனை உப்பு வடிவாக்கியது. அமிலம் சேர்ந்ததும் காரத்தன்மை தணிந்தது. தொண்டை எரிவு குறைந்தது. முதன்முதலாக இழுப்பவரும் இருமாமல் மிகுந்த அளவு நிக்கொட்டினை நெஞ்சுக்குள் வாங்கக்கூடியதாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் என எல்லை வகுத்திருந்த காலத்தில், அக்கருவி ஏறத்தாழ 59 மில்லிகிராம் செறிவில் அமெரிக்காவில் விற்கப்பட்டது. மாம்பழம், புதினா, பழக்கலவை எனச் சுவைகள் பெருகின. உலக சுகாதார நிறுவனம் குறைந்தது 16,000 சுவைகள் சந்தையில் இருப்பதாகச் சுட்டிக்காட்டியிருக்கிறது.

எல்லை நீங்கியதை இன்னும் எளிதாக விளங்கிக்கொள்ளலாம். ஒரு சிகரெட் 10 முதல் 15 இழுப்புகளில் எரிந்து முடிந்துவிடும்; அடுத்ததைப் பற்றவைக்க ஒரு முடிவு எடுக்கவேண்டும், வெளியே போகவேண்டும், தீப்பெட்டி தேடவேண்டும். இன்று விற்கப்படும் ஒருமுறைப் பாவனை வேப்புகள் ஆயிரக்கணக்கான இழுப்புகளைத் தருவதாகவே விளம்பரப்படுத்தப்படுகின்றன. படுக்கையிலும், குளியலறையிலும், வகுப்புகளுக்கு இடைப்பட்ட ஐந்து நிமிடத்திலும், ஓர் இழுப்பு மட்டும் இழுத்துவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். எத்தனை இழுத்தோம் என்பதை எண்ணுவதற்கு அடிக்கட்டையோ சாம்பலோ மிஞ்சுவதில்லை. உள்ளிழுத்த நிக்கொட்டின் 10 முதல் 20 நொடிகளுக்குள் மூளையை எட்டி, மகிழ்வுணர்வோடும் ஊக்கத்தோடும் தொடர்புடைய டொப்பமின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் குருதியில் அதன் அளவு பாதியாகக் குறைய, அடுத்த இழுப்புக்கான தவிப்பு எழுகிறது. முடிவெடுத்தலையும் தன்னடக்கத்தையும் ஆளும் மூளைப் பகுதி 25 வயதளவிலேயே முழு முதிர்ச்சி பெறுவதால், பதின்ம வயதில் விழும் இந்தத் தடம் ஆழமாகப் பதிகிறது.

முந்திய தலைமுறையின் தாய்மார் மகனின் சட்டையை முகர்ந்தே புகைப்பழக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். வேப்போ பழமணத்தை மட்டும் ஒரு கணம் விட்டுச்செல்கிறது. எழுதுகோல் போலவும் கணினிச் சேமிப்புக் குச்சி போலவும் தோற்றமளிக்கிறது. இன்றைய மாணவரின் பெற்றோரிற் பலர் 1995 ஒக்டோபர் 30 இரவில் சிறுவராக இருந்து, வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்தபோது நாவற்குழி நோக்கி நடந்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்த ஆபத்துகள் சத்தத்தோடு வந்தன. பிள்ளையைக் கூப்பிட்டுப் பதுங்குகுழிக்குள் இறக்கிவிட்டால் காப்பாற்றிவிடலாம் என்ற உறுதியையாவது அவை விட்டுவைத்தன. சத்தமும் மணமும் இல்லாமல், கதவடைத்த அறைக்குள், படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கைக்குள்ளேயே இருக்கும் ஆபத்தை அவர்கள் உடனே அடையாளங்காணாதது அவர்களின் கவனக்குறைவாகாது.

திரையின் அமைப்பும் இதே வழியில் வளர்ந்ததாகும். தொடக்ககால இணையப் பக்கங்களுக்கு ஓர் அடி இருந்தது. அதற்கப்பால் செல்ல அடுத்த பக்கத்தை அழுத்தவேண்டியிருந்தது. 2006 இல் அசா ரஸ்கின் என்னும் வடிவமைப்பாளர் உருவாக்கிய முறை அந்த அடியை நீக்கியது. விரல் தள்ளத் தள்ளப் புதிய பதிவுகள் தாமாக வந்து சேர்ந்துகொண்டேயிருந்தன. தம் கண்டுபிடிப்பு மனிதரின் நேரத்தை எவ்வளவு விழுங்கியது என்பதைக் கண்டு அவரே பின்னாளில் பகிரங்கமாக வருந்தினார். 2009 இல் முகநூல் விருப்பக்குறியை அறிமுகப்படுத்தியபின், ஒருவர் தம்மைப் பற்றிப் பிறர் நினைப்பதை எண்ணாகப் பார்க்கும் வழக்கம் தோன்றியது. அடுத்து எது வரும் என்று தெரியாத பரிசே மனத்தை இறுகப் பிடிக்கும் என்பதை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் விலங்குகளின்மீது நடத்திய சோதனைகளில் நிறுவியிருந்தார். ஒவ்வொரு முறையும் தீனி கிடைத்த விலங்கைவிட, எப்போது கிடைக்கும் என்று அறியாத விலங்கே சலிக்காமல் நெம்புகோலை அழுத்தியது. டிக்டொக், இன்ஸ்டகிராம், யூடியூப் ஆகியவற்றின் குறுங்காணொளி வரிசைகளில் பத்தில் ஒன்று மனத்தைக் கவ்வினால் போதும்; அந்த ஒன்றுக்காக எஞ்சிய ஒன்பதும் தள்ளப்படுகின்றன.

இவ்வரிசையைத் தெரிந்து அடுக்குவது நெறிமுறை எனப்படும் கணினிக் கட்டளைத் தொடராகும். பயனர் விருப்பக்குறி இடுவதை மட்டுமன்றி, எந்தக் காணொளியில் எத்தனை நொடி தங்கினார் என்பதையும் அது கவனிக்கிறது. பயனரின் நன்மையோ தீமையோ அதற்குத் தெரியாது. அவர் தங்குவதே அதற்குத் தெரியும். வேப்பை விட முயலும் ஓர் இளைஞன் புகை வளையம் விடும் காணொளியைக் கண்டதும் விரல் தயங்கி நிற்பது இயல்பு, ஏனெனில் பழகிய பொருளின் தோற்றம் மட்டுமே தவிப்பை எழுப்பவல்லது. மருத்துவம் இதனைத் தூண்டுகுறி என அழைக்கும். அந்தத் தயக்கத்தை நெறிமுறை விருப்பம் எனக் கணக்கிட்டு, அதேபோன்ற இன்னும் பல காணொளிகளை அவன்முன் கொண்டுவந்து வைக்கிறது. விடவேண்டும் என்று போராடுபவனே அதிக நேரம் பார்ப்பவனாகிறான். அதிக நேரம் பார்ப்பவனுக்கே அதிகம் காட்டப்படுகிறது. திரைச் சார்பும் நிக்கொட்டின் சார்பும் பின்னிப்பிணையும் முடிச்சு இதுவேயாகும்.

இம்முடிச்சு எவ்வாறு ஒரு நாட்டையே சுற்றிவளைத்தது என்பதற்கு ஜூலின் வரலாறு சான்று. இளமையும் துள்ளலும் நிறைந்த படங்களோடு சமூக ஊடகங்களில் அது அறிமுகமானது. சில ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளி மாணவர் தாமே அக்கருவியோடு காணொளி எடுத்து வெளியிடத் தொடங்கினர். 2018 டிசம்பரில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி இளையோரின் வேப் பாவனையை ஒரு கொள்ளைநோய் என அறிவித்தார். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே ஜூல் நிறுவனம் தன் முகநூல், இன்ஸ்டகிராம் கணக்குகளை மூடிவிட்டது. ஆயினும் அதன் பெயர் தாங்கிய பதிவுகள் நிற்கவில்லை, ஏனெனில் அதற்குள் விற்பவரின் வேலையை இளையோரே தம்மை அறியாமல் தம் கையில் எடுத்துக்கொண்டிருந்தனர். 2019 இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவரில் 27.5 வீதமானோர் வேப் பாவிப்பவராக இருந்தனர். 2022 செப்டெம்பரில் முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களுக்கு 43.85 கோடி டொலர் செலுத்த அந்நிறுவனம் இணங்கியது. நண்பனின் கையிலிருந்து நண்பனுக்குச் செல்லும் படத்தில் விளம்பரம் என்ற முத்திரை இல்லாமையால், விளம்பரத் தடை மட்டும் அதனைப் பிடிக்காது என்பதே அந்த அனுபவம் தரும் பாடமாகும்.

திரை நேரத்துக்கும் புகைப்புக்கும் உள்ள தொடர்பை அளந்த ஆய்வுகளும் உள்ளன. பிரித்தானியாவில் 10 முதல் 25 வயதுக்குட்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை 2015 முதல் 2021 வரை தொடர்ந்து நோக்கிய ஓர் ஆய்வில், சமூக ஊடகத்தில் நேரம் செலவிடாதவரில் 0.8 வீதத்தினரே வேப் பாவித்தனர். நாளொன்றுக்கு ஏழு மணித்தியாலமும் அதற்கு மேலும் செலவிட்டவரில் அது ஏறத்தாழ 4 வீதமாக இருந்தது. சிகரெட்டில் இவ்வேறுபாடு இன்னும் பெரிது: முறையே 2 வீதமும் ஏறத்தாழ 16 வீதமும். நேரம் கூடியபோது பாவனையும் படிப்படியாகக் கூடியது. இத்தகைய எண்களை வாசிக்கும்போது ஒரு நிதானம் தேவை. தனிமையும் மனச்சோர்வும் கொண்ட பிள்ளை திரையையும் தேடும், புகையையும் தேடும் என்பதால், ஒன்றே மற்றொன்றை உண்டாக்குகிறது என்று இதனை மட்டும் கொண்டு முடிவுகட்ட இயலாது. எனினும் இரண்டும் ஒரே வெற்றிடத்தை நாடி வருகின்றன என்றாலும்கூட, பெரியோர் கவனிக்கவேண்டியது அந்த வெற்றிடத்தையே என்ற முடிவுக்குத்தான் அது கொண்டுசெல்லும்.

யாழ்ப்பாணத்தில் அவ்வெற்றிடத்துக்குத் தனியான காரணங்கள் உண்டு. பாடசாலை விட்டதும் கல்வி நிலையம், அது விட்டதும் மற்றொரு கல்வி நிலையம் என உயர்தர மாணவரின் பொழுது கழிகிறது. இடையில் விளையாட்டு மைதானத்துக்கு மிஞ்சும் நேரம் சொற்பம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் வட்ஸ்அப் வழியாகவும் சூம் வழியாகவும் நடந்தபோது, அதுவரை தொலைபேசி கொடுக்காத வீடுகளும் கொடுக்கவேண்டியதாயிற்று; வகுப்புகள் திரும்பிய பின்னும் தொலைபேசி பிள்ளையின் கையில் தங்கிவிட்டது. பல வீடுகளில் தந்தையோ தமையனோ வெளிநாட்டில் இருப்பதால், உறவே திரை வழியாகத்தான் பேசப்படுகிறது. பறித்துவைக்கப்படும் தொலைபேசியோடு அக்குரலும் பறிபோகிறது. இந்நிலையில் ஒரு வேப்பைப் பகிர்ந்துகொள்ளும் நண்பர் வட்டம் பிள்ளைக்குத் தருவது புகையை மட்டுமன்று. தானும் ஒருவனாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டிருக்கிறேன் என்ற நிம்மதியையும் அதுவே தருகிறது.

ஆகவே, ஒரு பிள்ளை சார்புநிலைக்குள் சென்றுவிட்டதா என்பதைக் குற்றப்புலனாய்வாக அன்றி நோயறிதலாக அணுகவேண்டும். காலையில் எழுந்த உடனேயே வேப்பைத் தேடுதல், பாடவேளை முடியும்வரை பொறுக்க இயலாமல் அடிக்கடி கழிப்பறைக்குச் செல்லுதல், கிடைக்காதபோது எரிச்சலும் கவனச்சிதறலும் தூக்கமின்மையும் தோன்றுதல், காரணமின்றிப் பணத்தேவை கூடுதல் ஆகியன கவனிக்கத்தக்கவை. நிறுத்திய பிள்ளைக்கு முதல் இரண்டு மூன்று நாள்களே கடுமையானவை. பெரும்பாலான தொல்லைகள் இரண்டு முதல் நான்கு கிழமைகளில் தணியும். அந்த நாள்களில் எழும் சினத்தைத் திமிர் என்று பெயரிட்டு அடிப்பதும், இடைநிறுத்துவதும், உறவினர் முன் அவமானப்படுத்துவதும் அவனை மீண்டும் அந்த வட்டத்துக்கே தள்ளும். பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் நுண்மையானது. பழி வந்துவிடும் என்ற அச்சத்தால் அவர்கள் உதவி கேட்பதே அரிதாகிறது.

சட்டத்தின் நிலையையும் ஊர் அறிந்திருத்தல் வேண்டும். இலங்கையின் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபையை நிறுவியது. 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதையும், அவற்றுக்கு விளம்பரம் செய்வதையும் அது தடைசெய்கிறது. 2016 இல் வெளியான ஒழுங்குவிதி புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் தடுத்தது. ஆனால் வேப் நீர்மத்தில் புகையிலை இலை இல்லை, பிரித்தெடுக்கப்பட்ட நிக்கொட்டினே உண்டு. ஒழுங்குவிதியிலுள்ள புகையிலை என்னும் சொல்லுக்கும் இப்பொருளுக்கும் இடையிலுள்ள இடைவெளி அடைக்கப்படுவது அவசியம். தமிழ்நாடு 2018 இலும், இந்திய நடுவண் அரசு 2019 இலும் இக்கருவிகளை முற்றாகத் தடைசெய்தன. நல்லூர்க் குடும்பங்களின் உறவினர் வாழும் நாடுகளும் விழித்துக்கொண்டன: அவுஸ்திரேலியா 2024 யூலை 1 முதல் வேப் விற்பனையை மருந்தகங்களுக்குள் அடக்கியது, 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவருக்குச் சமூக ஊடகக் கணக்குகளையும் மறுத்தது, பிரித்தானியா 2025 யூன் 1 முதல் ஒருமுறைப் பாவனை வேப்புகளைத் தடைசெய்தது. எனினும் உலக சுகாதார நிறுவனத்தின் 2025 ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 13 முதல் 15 வயதுக்குட்பட்டோரில் குறைந்தது 1.5 கோடிப் பேர் வேப் பாவிக்கிறார்கள். சட்டம் கடையை மூடவல்லது. பிள்ளையின் மாலைப்பொழுதை நிரப்ப அதனால் இயலாது. அந்தப் பணி ஊரினுடையது.

அப்பணிக்கு நல்லூரிடம் ஓர் அரிய முதல் இருக்கிறது. கந்தசுவாமி கோயிலின் பூசைகள் குறித்த நேரத்துக்குப் பிந்தாமல் நடப்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஊர் இது. மணியொலியைக் கொண்டு கடிகாரத்தைச் சரிபார்த்த வீடுகள் இங்கு உண்டு. கொடியேற்றத்தோடு தொடங்கும் 25 நாள் திருவிழாவுக்குக் கொடியிறக்கமும் உண்டு. ஒன்றைத் தொடங்கவும், உரிய நேரத்தில் முடிக்கவும், முடித்தபின் மனநிறைவோடு வீடு திரும்பவும் இவ்வூர் பயின்றிருக்கிறது. திரையும் வேப்பும் பிள்ளைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது இந்த முடித்தலையே. கீழ்வரும் வேண்டுகோள்கள் அனைத்தும் அதனை அவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றியவை.

பெற்றோரிடம் முதல் வேண்டுகோள். தொலைபேசிக்கு வீட்டில் ஒரு பொதுவான இடமும், இரவில் அது அங்கே வைக்கப்படும் ஒரு நேரமும் இருக்கட்டும். அந்த ஒழுங்கு பெரியவர்களுக்கும் பொருந்தட்டும், ஏனெனில் தந்தை படுக்கையில் காணொளி பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் மகனுக்கு இடப்படும் கட்டளை நிலைக்காது. வேப் கண்டெடுக்கப்பட்ட இரவில் கேட்கப்படும் முதற்கேள்வி "யார் தந்தது?" என்பதாக இல்லாமல், "விட முடியாமல் இருக்கிறதா?" என்பதாக இருக்கட்டும். கோடை விடுமுறையில் திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டு உறவினர்களிடமும் இப்பொருளைக் கொண்டுவந்து இளையோருக்குக் கொடுக்கவேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவைப்பது உறவுக்கு இழுக்காகாது.

பாடசாலைகளிடமும் கல்வி நிலையங்களிடமும் இரண்டாவது வேண்டுகோள். பிடிபட்ட மாணவரை வெளியேற்றுவது அவரை மேற்பார்வையில்லாத நேரத்துக்குள் அனுப்புவதாகும். அதற்குப் பதிலாக, வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரோடும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடும் அவரைத் தொடர்புபடுத்தும் ஒரு நடைமுறை எழுத்தில் வகுக்கப்படட்டும். நிக்கொட்டின் மூளையில் செய்வதையும், நெறிமுறை திரையில் செய்வதையும் விஞ்ஞானப் பாடத்தோடு இணைத்துக் கற்பிக்கலாம். தான் எவ்வாறு இழுக்கப்படுகிறேன் என்று அறிந்த மாணவர், பயமுறுத்தப்பட்ட மாணவரைவிட உறுதியாக நிற்பார். கல்வி நிலையங்கள் கிழமையில் ஒரு மாலையையாவது வகுப்பின்றி விட்டுவைப்பது மைதானங்களுக்கு உயிர் கொடுக்கும்.

சனசமூக நிலையங்களிடமும் விளையாட்டுக் கழகங்களிடமும் மூன்றாவது வேண்டுகோள். வாசிகசாலைகள் ஒருகாலத்தில் இளையோரை ஒன்றுகூட்டியது, அங்கே பத்திரிகை இருந்ததால் மட்டுமன்று. வாசித்ததைப் பற்றி வாதிட ஒரு திண்ணையும் அங்கே இருந்தது. நடப்புக் குழுக்களில் 25 வயதுக்குக் குறைந்தோருக்குப் பொறுப்புகள் தரப்படட்டும். நாடகம், பட்டிமன்றம், கரப்பந்தாட்டம், தாய்மொழியில் காணொளி ஆக்கப் பயிற்சி எனத் தொடக்கமும் முடிவும் கொண்ட முயற்சிகள் அவர்கள் கையில் விடப்படட்டும். திரையே உதவியாகவும் மாறக்கூடியது: அமெரிக்காவில் வேப்பை விட விரும்பிய 13 முதல் 17 வயதுக்குட்பட்ட 1,503 பேரிடையே நடந்த ஓர் ஆய்வில், தொலைபேசிக் குறுஞ்செய்தி வழியாக நாள்தோறும் ஊக்கமும் ஆலோசனையும் பெற்றவரில் 37.8 வீதமானோர் ஏழு மாதங்களின் பின் விட்டிருந்தனர். அவற்றைப் பெறாதவரில் அது 28 வீதமாக இருந்தது. யாழ்ப்பாணத் தமிழில், யாழ்ப்பாண இளையோரே எழுதி, மருத்துவர் பார்த்துத் திருத்திய அத்தகைய செய்தித் தொடர் ஒன்றை ஆக்குவது இவ்வூரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. உடனடி உதவிக்குத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926, அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 ஆகிய இலக்கங்களும், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலை ஆகியவற்றின் உளநலப் பிரிவுகளும் உள்ளன. இவ்விலக்கங்கள் ஒவ்வொரு நிலையத்தின் அறிவித்தற் பலகையிலும் எழுதப்படட்டும்.

பல ஆண்டுகள் சிகரெட் புகைத்த முதியவர் ஒருவருக்கு வேப் அதனைவிடக் குறைந்த தீங்குடையது என்று பிரித்தானிய மருத்துவர் அமைப்புகள் கருதுவதும் இங்கு மறைக்கத்தக்கதன்று. ஆனால் ஒருபோதும் புகைக்காத பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதனால் குறையும் தீங்கு எதுவுமில்லை, கூடும் தீங்கே உண்டு. மீட்சி இயலாததன்று என்பதற்கும் சான்று இருக்கிறது: 2019 இல் 27.5 வீதமாக இருந்த அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவரின் பாவனை, வயதெல்லை உயர்வும் சுவைக் கட்டுப்பாடும் வழக்குகளும் விழிப்புணர்வும் ஒன்றுசேர்ந்த ஐந்தாண்டுகளின் பின், 2024 இல் 7.8 வீதமாக இறங்கியது.

அடுத்த பாடசாலைத் தவணை தொடங்குமுன், நல்லூரின் ஒவ்வொரு சனசமூக நிலையமும் ஒரு மாலைக் கூட்டம் கூட்டட்டும். அதில் பெரியோர் பேசுமுன் இளையோர் பேசட்டும். அவர்கள் சொல்வதைத் தண்டனை அச்சமின்றிச் சொல்ல இடமிருக்கட்டும். தொலைபேசிகள் வாசலில் ஒரு மேசைமீது, பெரியோருடையனவும் சேர்த்து, வைக்கப்பட்டிருக்கட்டும். கூட்டம் குறித்த நேரத்தில் தொடங்கி, குறித்த நேரத்தில் முடிந்து, அனைவரும் ஒன்றாக நடந்து வீடு திரும்பட்டும்.

இங்ஙனம்,
நல்லூரின் நலம் விழையும் ஒருவர்